மிஷன் பீக்கா, கயோட்டி ஹில்ஸா, ரெட்வுட்டா: கறுப்பு லாப்ரடாரோடு ஒரு ஜூன் சனிக்கிழமை

மச்சினன் ஊரிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது. வந்த மறுநாள் காலையிலேயே காபி டம்ளரோடு வாசலில் நின்று கிழக்கே தெரிந்த மலையைப் பார்த்தவன், "அத்தான், அந்தக் கம்பம் இதுலதான இருக்கு? அதுல ஏறி நின்னு ஒரு போட்டோ எடுத்துரணும்" என்றான். அது மிஷன் பீக். கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டி நாங்கள் இருக்கும் ஃப்ரீமான்ட் ஊருக்குக் கொல்லைச்சுவர் மாதிரி நிற்கும் மலை. உச்சியில் நட்டிருக்கும் கம்பத்தோடு படம் எடுத்துக்கொள்ளாமல் இங்கிருந்து விமானம் ஏறிய விருந்தாளியை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவன் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்துச் சொன்னதுதான் சிக்கல்: "மிளகையும் கூட்டிட்டுப் போயிருவோம்."

மிளகு எங்கள் வீட்டு நாய். கறுப்பு லாப்ரடார், ஏழு வயது, 32 கிலோ. கயிற்றை ஆணியிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டால் போதும், எங்கே ஏது என்று கேட்காமல் வாசலுக்கு வந்துவிடும். நான் தயங்கியதைப் பார்த்து மச்சினன் சிரித்தான். "அதுக்கு நாலு காலு இருக்கு. ரெண்டு காலுள்ள நாமளே ஏறுதோம், அதுக்கு என்ன?"

சரி, வரும் சனிக்கிழமை எங்கே போவது என்று உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜூன் மாதம், வெயில் உறுதி, ஏற்றம் இருந்தாக வேண்டும், நாயும் வர வேண்டும். நான் அலசியது நாலு இடங்களை: மிஷன் பீக், கயோட்டி ஹில்ஸ், ஓக்லண்டுக்கு மேலே இருக்கும் ரெட்வுட் பூங்கா, சான் ஹோசேக்குத் தெற்கே அல்மடேன் குவிக்சில்வர்.

அதற்கு முன்னால் பட்டியலிலேயே வராத இடங்களைச் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் குழந்தைகளோடு அடிக்கடி போகும் ரான்ச்சோ சான் அன்டோனியோவின் மலைப்பாதைகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. காசில் ராக், ஹென்றி கோ போன்ற மாநிலப் பூங்காக்களில் கார் நிறுத்துமிடம், தார்ச்சாலை வரை நாய் வரலாம். மண்பாதையில் கால் வைக்கக் கூடாது. மியூர் வுட்ஸ் காடும் அப்படியே. ஒரு நண்பர் ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய், வாசலில் பலகையைப் படித்துவிட்டு, நாயோடு காரிலேயே புளியோதரை சாப்பிட்டுத் திரும்பினார்.

எதை வைத்து அளப்பது

தூரம், உயரம், காட்சி, கூட்டம் என்றுதான் எல்லோரும் மலைப்பாதைகளை ஒப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு வருடம் முன்பு ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்று காலை ஒன்பது மணிக்கு மிளகோடு மிஷன் பீக் ஏற ஆரம்பித்தேன். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. எனக்கு முன்னால் ஓடி, திரும்பிப் பார்த்து, வாலை ஆட்டி, மறுபடி ஓடியது. உச்சியில் தண்ணீர் குடித்தது. பாதி இறங்கியிருப்போம், மாட்டுவேலியின் கதவுக்கம்பம் ஒன்றின் நிழல் தரையில் கோடு போட்ட மாதிரி விழுந்திருந்தது. ஒரு சாண் அகலம்கூட இருக்காது. மிளகு போய் அந்தக் கோட்டின் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. நாக்கு நுனி அகன்று அகப்பை மாதிரி தொங்கியது. எச்சில் பசை போல் நூல் விட்டது. ஈறு பீட்ரூட் நிறம். கூப்பிட்டால் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தது.

என்னிடம் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது. அதை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றினேன். பின்னால் வந்த ஒரு சீனப் பாட்டி, இந்த மலைக்குக் குடை பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து நான் முன்பு சிரித்திருக்கிறேன், அந்தக் குடையை நாய்க்கு மேல் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு மிளகு தானாக எழுந்தது. அடிக்கு அடி நின்று கீழே வந்து சேர்ந்தோம்.

நான் தப்புக் கணக்குப் போட்டது அன்றுதான் புரிந்தது. மலை ஏறும்போது மனிதன் தன் மூச்சைக் கேட்டு, காலைக் கேட்டு, "போதும்" என்று நின்றுவிடுவான். லாப்ரடார் நிற்காது. நாம் போகும் வரை வரும், நமக்காகவே வரும். அது நிற்கும்போது காரியம் கைமீறத் தொடங்கியிருக்கும். அந்த நிமிடத்தில் காரோ நிழலோ தண்ணீரோ எவ்வளவு தொலைவில் இருக்கிறது? இப்போது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பாதைகளை அளக்கிறேன். உச்சி எவ்வளவு தூரம் என்பது மச்சினன் கவலை. பாதையின் எந்த இடத்திலிருந்தும் இருபது நிமிடத்தில் தப்பிக்க முடியுமா என்பது என் கவலை.

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாத அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் பெரிய வழி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது. நல்ல நிலையில் உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 40-ஐத் தாண்டி 41-ஐ நெருங்கினால் உள்ளுறுப்புகளுக்கே ஆபத்து. நடுவில் இருப்பது ரொம்பச் சின்ன இடைவெளி.

மச்சினன் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்டான். கோவில்பட்டிப் பக்கம் சித்திரை வெயிலில் சிப்பிப்பாறை நாய்கள் முயல் விரட்டுகிறதே, அதெல்லாம் நாய் இல்லையா? அது வேறு உடம்பு. ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு, தோலோடு ஒட்டிய குட்டை முடி, பிறந்ததிலிருந்து அந்த மண்ணின் வெயில். லாப்ரடாரின் முன்னோர்கள் நியூஃபவுண்ட்லாந்துக் குளிர்கடலில் மீனவர்களோடு வேலை பார்த்தவை. இரட்டை அடுக்கு முடி, கனத்த உடம்பு, மிளகு விஷயத்தில் கூடுதலாகக் கறுப்பு நிறமும் இரண்டு கிலோ தொப்பையும். ஃப்ரீமான்டின் கோடை அதற்கு அக்கினி நட்சத்திரம்.

மிஷன் பீக்: ஆளுக்கு ஏற்ற மலை

உயரம் 2,517 அடி. ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ வாசலிலிருந்து ஒரு வழி மூன்று மைல், ஏறக்குறைய 2,100 அடி ஏற்றம். மரங்கள் இல்லை என்றே சொல்லலாம். கோடையில் காய்ந்து பொன்னிறமான புல், அகலமான மண்பாதை, ஆங்காங்கே மாடுகள். உச்சியில் நின்றால் விரிகுடா முழுக்கக் காலடியில் கிடக்கும். காட்சிக்கு நூற்றுக்கு நூறு. மேலே குடிக்கத் தண்ணீர் கிடையாது.

"அதிகாலையில போயிட்டு வெயிலுக்கு முந்தி வந்துருவோம்" என்பது மச்சினன் திட்டம். பாதி சரி. இந்தப் பாதை மலையின் மேற்கு முகத்தில் இருக்கிறது. சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எழும்பி வருவதால் காலையில் கொஞ்ச நேரத்துக்கு மலையே தன் நிழலைப் பாதையின் மேல் விரித்திருக்கும். ஆனால் வாசல் விடிந்த பிறகுதான் திறக்கும். கார் நிறுத்த அங்கே இடமும் சொற்பம். சனி ஞாயிறுகளில் இடம் பிடிப்பதற்குள் ஏழரை ஆகிவிடும். ஏழரைக்கு ஆரம்பித்தால் உச்சியை ஒன்பதரைக்குத் தொடலாம். கம்பத்தில் ஏறி நிற்க வரிசை இருக்கும், வேடிக்கை இல்லை, உண்மையாகவே வரிசை. இறங்க ஆரம்பிக்கும்போது பத்து. அப்போது மேற்கு முகத்தில் வெயில் முழுதாக விழ ஆரம்பித்திருக்கும். காரிலிருந்து மிகத் தொலைவான இடத்தில், களைத்த நாயோடு, நாளின் சூடான பகுதிக்குள் நுழைகிறோம். பாதையின் வடிவமே அப்படி.

அப்படியானால் சாயங்காலம் போகலாமே என்று என் மனைவி கேட்டாள். அது இன்னும் மோசம். மேற்கு முகம் என்பதால் சூரியன் கடலுக்குள் இறங்கும் வரை மலையின் முகத்திலேயே அடிக்கும், பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தரையும் கக்கிக்கொண்டிருக்கும். பௌர்ணமிக் கிரிவலத்தை ராத்திரியில் வைத்தவர்கள் விவரமானவர்கள். இங்கே ராத்திரி ஏறினால் அபராதச் சீட்டு.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஏமாறும் இடம். மலை மேலே போகப் போகக் குளிரும் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. கீழே பொசுக்கினால் ஊட்டிக்கோ மாஞ்சோலைக்கோ ஏறியவர்கள் நாம். இங்கே ஜூன், ஜூலைக் காலைகளில் பசிபிக்கிலிருந்து வரும் மூடுபனி விரிகுடாவின் மேல் தாழ்வாகப் படுத்திருக்கும். அதன் தலைக்கு மேல் சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். கீழே வாசலில் ஸ்வெட்டர் போட்டு நடுங்கிக்கொண்டே கிளம்புவோம். பனியைத் துளைத்துக்கொண்டு மேலே போனதும், குளிர வேண்டிய இடத்தில் வேர்க்கும். சில நாட்களில் உச்சி அடிவாரத்தைவிடப் பல டிகிரி கூடுதல் சூடு. அடிவாரக் குளிரை நம்பித் தண்ணீரைக் குறைவாக எடுத்துக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அந்த மே மாதம் நானே அப்படி ஒருவன்தான்.

மாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மலையில் அவை மேய்வதற்காகவே விடப்பட்டவை. பாதையின் நடுவில் சாவகாசமாக நிற்கும். கன்றோடு நிற்கும் பசுவுக்கு நாய் என்றால் ஓநாய்தான். கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, சுற்றிக்கொண்டு போக வேண்டும். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் போகக் கூடாது என்பதை மச்சினனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

மிஷன் பீக் நாய்க்கு ஆகவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, மழை விட்டு இரண்டு நாள் கழித்து, மலை பச்சையாக இருக்கும்போது இதைவிட நல்ல பாதை இந்தப் பக்கம் இல்லை. களிமண் பாதத்தில் அப்பிக்கொள்ளும், வீட்டுக்கு வந்து ஒரு வாளி தண்ணீர் செலவாகும், அவ்வளவே. ஜூனில் மட்டும் வேண்டாம்.

கயோட்டி ஹில்ஸ்: பொத்தை

ஃப்ரீமான்டின் மேற்கு ஓரத்தில், விரிகுடாவை ஒட்டிய சிறு குன்றுகள். உயரமானதே முந்நூறு அடியை ஒட்டித்தான். மச்சினனிடம் படத்தைக் காட்டினேன். "இது மலையா அத்தான்? எங்க ஊர்ல இதப் பொத்தைம்பாங்க" என்று ஒதுக்கிவிட்டான்.

என் அளவுகோலில் இது நன்றாகவே தேறுகிறது. குன்றுகளைச் சுற்றி வரும் பேவியூ பாதை மூன்றரை மைல். மேலே ஏறும் கிளைப்பாதைகள் குட்டையானவை. செங்குத்தாக இருந்தாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், பத்து நிமிடத்தில் இறங்கிவிடலாம். காரிலிருந்து எந்த இடமும் பெரிய தூரம் இல்லை. பிற்பகலில்கூட விரிகுடாக் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். ஊருக்குள் பொசுக்கும் நாளில் இங்கே பல டிகிரி குறைவாக இருப்பதை உடம்பே சொல்லும். சிவப்புப் பாறை முகட்டில் நின்றால் ஒரு பக்கம் உப்பளங்கள், இன்னொரு பக்கம் நாணல் சதுப்பு. ஓலோனி பழங்குடியினர் ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்த இடம்.

ஆனால் சுலபமான பாதையில் ஒரு கண்ணி இருக்கிறது. பேவியூ பாதை தார் போட்டது. காற்றில் 25 டிகிரி செல்சியஸ் இருக்கும் வெயில் நாளில் தார்ப்பரப்பு 50 டிகிரியைத் தாண்ட முடியும். உச்சிவேளையில் கோயில் வெளிப்பிரகாரத்தில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நாம் சாக்கு விரித்த இடத்துக்குத் தாவுவோம், இல்லாவிட்டால் குதிகாலில் ஓடுவோம். நாய்க்கு அந்த வசதி இல்லை. நாம் கயிற்றைப் பிடித்து நடுவிலேயே நடத்திக்கொண்டு போவோம். புறங்கையைத் தாரில் வைத்து ஏழு விநாடி எண்ணுங்கள். கையை எடுக்கத் தோன்றினால் நாய் அங்கே நடக்கக் கூடாது. சதுப்புக்குள் போகும் பாதைகளில் பறவைகளுக்காக நாயை விடுவதில்லை.

தாரைத் தவிர்த்து ஓரத்துப் புல்லில் நடத்தலாம் என்றால் அடுத்த வம்பு ஃபாக்ஸ்டெயில் என்னும் புல். மே மாதம் தொடங்கிப் புல் காய்ந்ததும் அதன் கதிர் உதிர்ந்து ஊசி ஊசியாகக் கிடக்கும். நம்மூர் ஊசிப்புல்லை வேட்டியிலிருந்து பிடுங்கியவர்களுக்குப் பழகிய சாதிதான். ஆனால் இது முன்னோக்கி மட்டுமே நகரும். முள்ளின் செதில்கள் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால் உள்ளே போனது வெளியே வராது, தோலைத் துளைத்து இன்னும் உள்ளேதான் போகும். போன வருடம் இங்கிருந்து வந்த இரவு மிளகு முன்னங்காலை விடாமல் நக்கிக்கொண்டே இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு விரலுக்கு நடுவில் மொச்சைக்கொட்டை அளவுக்குச் சிவந்த வீக்கம், நடுவில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து ஒரு கதிரை எடுத்தார். கட்டை விரல் நகம் நீளம்கூட இல்லை. பில் ஐந்நூறு டாலரைத் தொட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் காது, மூக்கு, அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்க்காமல் மிளகுக்குச் சோறு கிடையாது. கோடையில் பாதத்து முடியை ஒட்ட வெட்டியும் விடுகிறேன். உண்ணியும் அந்தத் தடவலிலேயே மாட்டும்.

ரெட்வுட்: வெயில் முதலில், நிழல் கடைசியில்

ஃப்ரீமான்டிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டம். ரெட்வுட் என்னும் நெட்டை மரங்களின் காடு. 1800-களின் நடுவில் சான் ஃபிரான்சிஸ்கோவைக் கட்ட இந்தக் காட்டை மொட்டையாக வெட்டினார்கள். இப்போது நிற்பவை பெரும்பாலும் வெட்டிய அடிமரங்களிலிருந்து மறுபடி துளிர்த்தவை. அதுவே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். நடுவில் ஓடைப் பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் மேடு. மேட்டில் வெயிலும் காட்சியும், பள்ளத்தில் குளிர்ந்த நிழலும்.

இங்கே எந்தப் பாதையில் போகிறோம் என்பதைவிட எந்தத் திசையில் சுற்றுகிறோம் என்பது முக்கியம். மேலே ஸ்கைலைன் வாசலில் காரை நிறுத்தினால் முதலில் ஜாலியாக இறங்கி, ஓடையில் ஆறி, கடைசியில் களைத்த காலோடு வெயிலில் ஏற வேண்டும். மிஷன் பீக்கில் செய்த அதே தப்பு, வேறு உருவத்தில். கீழே ரெட்வுட் வாசலில் நிறுத்தினால் கதை மாறும். அங்குள்ள கார் நிறுத்துமிடமான கேன்யன் மெடோவிலிருந்து கேன்யன் பாதை நறுக்கென்று ஏறிக் கிழக்கு மேட்டைத் தொடுகிறது. மூச்சு வாங்கும், ஆனால் காலைக் குளிரில் சீக்கிரம் முடிந்துவிடும். மேட்டின் மேல் வெயிலில் ஒரு மைலுக்குக் கூடுதலாக நடந்து, பிரின்ஸ் ரோடு வழியாகப் பள்ளத்தில் இறங்கினால் ஸ்ட்ரீம் பாதை. அங்கிருந்து கார் வரை நிழல்தான், சரிவும் மெல்லிசு. மொத்தம் சுமார் நான்கு மைல். வெயில் ஏற ஏற நாம் நிழலுக்குள் போகிறோம். நாய் களைக்கும் நேரமும் நிழல் வரும் நேரமும் ஒன்றாக இருக்கிறது.

நாய் வைத்திருப்பவருக்கு இன்னொரு சலுகை. இந்தப் பூங்காவை நடத்தும் ஈஸ்ட் பே பூங்கா நிர்வாகம், சொல் பேச்சுக் கேட்கும் நாயாக இருந்தால் மேட்டுப் பாதைகளில் அவிழ்த்துவிட அனுமதிக்கிறது. ஓடையை ஒட்டிய ஸ்ட்ரீம் பாதையில் கயிறு வேண்டும், அதுவும் 6 அடிக்கு மேல் போகக் கூடாது. ரெயின்போ டிரவுட் மீன் முட்டையிடும் ஓடை என்பதால் நாய் இறங்கிக் கலக்கக் கூடாது. தண்ணீரைக் கண்டால் மிளகுக்குப் பூர்வஜென்ம ஞாபகம் வந்துவிடும். ஸ்ட்ரீம் பாதை முழுக்க என் தோள்பட்டைதான் பாவம். பார்க்கிங் காசோடு நாய்க்கும் தனியாக ஒரு சின்னக் கட்டணம் வாங்குவார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பாதையோரம் பாய்சன் ஓக் என்னும் அரிப்புச் செடி செழித்துக் கிடக்கும். நாய்க்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. நாய் முடியில் ஒட்டிய எண்ணெய் நம் கையில் பட்டால் ஒரு வாரம் சொறிய வேண்டியதுதான். மூன்று மூன்று இலையாகப் பளபளத்தால் மிளகை நடுப்பாதைக்கு இழுத்துவிடுவேன். மச்சினனின் பெரிய குறை வேறு: இங்கே கம்பம் இல்லை.

அல்மடேன் குவிக்சில்வர்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஜூனுக்கு இது போட்டியில் இல்லை. 1840-களிலேயே பாதரசம் தோண்ட ஆரம்பித்த மலை. கலிஃபோர்னியா தங்க வேட்டைக்காரர்கள் தங்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசத்தில் பெரும்பங்கு இங்கிருந்து போனது. பழைய சுரங்கச் சின்னங்கள், கைவிடப்பட்ட குடியிருப்பு மிச்சங்கள், 30 மைலுக்கு மேல் பாதைகள், கயிறு கட்டிய நாய்க்குத் தாராள அனுமதி. வரலாற்றுப் பித்து உள்ளவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் போய் நாள் முழுக்கச் சுற்றலாம். கோடையில் கடற்காற்று எட்டாத பள்ளத்தாக்கு என்பதால் ஃப்ரீமான்டைவிடச் சூடு. ஓக் மரங்கள் நிழல் தருகிறது, விட்டுவிட்டுத்தான். அங்குள்ள நீர்த்தேக்கங்களில் பிடிக்கும் மீனைத் தின்னாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள், பாதரசம் காரணம். அந்தத் தண்ணீரில் என் நாயை நான் வாய் வைக்க விடமாட்டேன்.

எங்கே போனாலும்

மிளகுக்கென்று தனியாக இரண்டு லிட்டர், எனக்குத் தனி. மடக்குக் கிண்ணத்தில் கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிக்க விட்டால் வாந்தியாக வந்துவிடும். குட்டை, தேங்கிய நீர் எதிலும் வாய் வைக்க விடுவதில்லை. கோடையில் இங்குள்ள ஏரிகளில் படரும் நீலப்பச்சைப் பாசி நாயைக் கொல்லக்கூடிய விஷம். ஃப்ரீமான்ட் குவாரி லேக்ஸிலேயே அதற்கான எச்சரிக்கையைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும் நேரத்துக்கு வெப்பநிலை என்ன என்று பார்ப்பேன், கிளம்பும் நேரத்துக்கு இல்லை. அந்த மணிக்கு 75 ஃபாரன்ஹீட், அதாவது 24 செல்சியஸுக்கு மேல் காட்டினால் நிழலில்லாத பாதைக்கு மிளகு வராது. இது என் வீட்டு விதி. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய் வைத்திருந்தால் இதைவிடக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், அவற்றுக்கு மூச்சிரைப்பதே பாடு. வயசான நாய்க்கும் அப்படியே. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டியை நாலு மைல் மலையில் இழுத்துக்கொண்டு போவதை நான் செய்யமாட்டேன், மூட்டு முற்றவில்லை.

ஒருவேளை நாய் படுத்துவிட்டால், முதல் வேலை குளிர வைப்பது, அப்புறம்தான் காருக்குத் தூக்குவது. இருக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி விடுவது பலர் செய்யும் தப்பு. கொஞ்ச நேரத்தில் அதுவே சூட்டை உள்ளே அடைத்துவிடும். நாய் தெளிந்துவிட்ட மாதிரித் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். அன்று நான் காட்டவில்லை. நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பாம்பு பற்றி மச்சினன் இரண்டு தடவை கேட்டுவிட்டான். உண்டு. ரேட்டில் ஸ்னேக், கிலுகிலுப்பைப் பாம்பு, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இந்த எல்லா மலைகளிலும் நடமாடும். பெரும்பாலும் வாலை ஆட்டி எச்சரிக்கும் கண்ணியம் அதற்கு உண்டு. நாய்க்குத்தான் அந்தச் சத்தம் விளையாட்டுச் சாமான் மாதிரிக் கேட்கிறது. குட்டைக் கயிறு, நடுப்பாதை, பாறையிடுக்கில் மூக்கை விட விடாமல் இருப்பது. வேறு மந்திரம் ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை

ஆக, சனிக்கிழமை ரெட்வுட். காலை ஏழே முக்காலுக்குள் கேன்யன் மெடோவில் இருக்க வேண்டும், பத்தரைக்குள் ஓடைப்பக்கம் பெஞ்சில் இட்லிப்பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். வெள்ளி இரவு பார்க்கும்போது ஓக்லண்ட் பக்கம் அதிகச் சூடு காட்டினால் கயோட்டி ஹில்ஸ், ஏழு மணிக்கு, தார் சுடுவதற்கு முன்னால் ஒரு சுற்று. அவ்வளவு நேரத்தில் கிளம்ப முடியவில்லை என்றால் மிளகு வீட்டில் டைல்ஸில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டு விசிறிக்காற்று வாங்கட்டும். அதற்கு அதுவும் பிடிக்கும்.

மச்சினனின் கம்பம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அவனும் நானும் மட்டும், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். குடை கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டேன், கூட நடக்க வெட்கமாக இருந்தால் பத்தடி தள்ளி வரட்டும். மிளகு இல்லாமல் படம் என்ன படம் என்று முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். நேற்று ராத்திரி சமாதானமாகிவிட்டான். கம்பத்துக்குப் பக்கத்தில் நாயை ஒட்டிக்கொடுக்க ஏதோ ஆப் இருக்கிறதாம். இப்போது மிளகை வாசலில் நிற்க வைத்து, பிஸ்கட்டைத் தூக்கிப் பிடித்து, மலையைப் பார்க்கிற மாதிரி ஒரு போஸ் வாங்கிக்கொண்டிருக்கிறான்.